ஒன்றரை விநாடி நீதி

கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றை மாத்திரமே விமர்சனத்துக்குரிய பொருள்களாகக் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால், ஒரு சமுதாயத்தின் மனப்போக்கை அறிய விரும்புவோர் அதன் காவியங்களைப் போலவே அதன் கைநூல்களையும் படித்தல் வேண்டும். வியாபார வழிகாட்டியும் தற்காப்புப் பயிற்சி நூலும் கற்பனைப் படைப்புகள் அல்ல என்பது உண்மையே. எனினும் அவையும் ஓர் உலகைச் சித்திரிக்கின்றன. அவ்வுலகில் நல்லவன் யார், தீயவன் யார், அஞ்சத்தக்கது எது என்பவற்றை அவை வாசகனுக்குச் சொல்லாமற் சொல்கின்றன.

இந்நோக்குடனேயே, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சாதாரண குடிமக்கள் பணம் கொடுத்துக் கற்கும் கைத்துப்பாக்கித் தற்காப்பு வகுப்புகளையும், அவற்றின் சிந்தனைக்கு அடித்தளமாய் அமைந்த சிறு நூலொன்றையும் இங்கே ஆராய முற்படுகின்றோம். ஆயுதம் மனிதரின் மனத்தை என்ன செய்யும் என்பதை நீண்ட போரொன்றின் பின்னர் வாழும் நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், நாம் பார்க்கப்போவது போர்க்களத்தையன்று. அலுவலகத்துக்கும் கடைக்கும் கோயிலுக்கும் செல்லும் மனிதன், இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு எவ்வாறு சிந்திக்கப் பழக்கப்படுகிறான் என்பதையே பார்க்கப்போகின்றோம்.

இத்துறையின் ஆசான் எனப் போற்றப்படுபவர் ஜெஃப் கூப்பர். 1920இல் பிறந்து 2006இல் மறைந்த இவர், இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போர்க் காலத்திலும் அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றியவர். 1976இல் அரிசோனா மாநிலத்துப் போல்டன் என்னுமிடத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவினார். ‘கன்சைற்’ என்னும் பெயரால் அது இன்றும் இயங்குகின்றது. ஒற்றைக் கையால் இடுப்பளவில் நின்று சுடும் பழைய முறையை விடுத்து, இரு கைகளாலும் பற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்தி, குறிபார்த்துச் சுடும் முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் அவர்.

அவர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகள் இன்று ஏறக்குறைய எல்லா வகுப்புகளிலும் முதற்பாடமாக உள்ளன. எத்துப்பாக்கியையும் ரவை நிரம்பியதாகவே கருதுக. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பாதிருக்க. குறி அமையும் வரை விரலை விசையில் வைக்காதிருக்க. இலக்கு எது, அதன் பின்னால் நிற்பது எது என்பதைத் திடமாக அறிக. இவற்றின் பொருள் இவ்வளவே. இவ்விதிகள் மனித உயிரை மதிப்பவை. ஒன்றை மறந்தாலும் மற்றொன்று காப்பாற்றும் வண்ணம் அமைந்தவை. இவற்றைக் கற்பித்த அளவில் அவ்வகுப்புகள் பல உயிர்களைக் காத்திருக்கும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

இவ்வகுப்புகளுக்கு வருவோரை எள்ளி நகையாடுவதும் முறையன்று. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதியை, நிபந்தனைகளை நிறைவேற்றும் எவருக்கும் மறுக்கவியலாதெனப் புளோரிடா 1987இல் சட்டமியற்றியது. ஏனைய மாநிலங்கள் பல அவ்வழியைப் பின்பற்றின. 2024ஆம் ஆண்டளவில் 29 மாநிலங்களில் அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. டெக்ஸாஸில் அனுமதிப்பத்திரம் பெற விழைவோர் நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பையும், மூன்று, ஏழு, பதினைந்து யார் தூரங்களிலிருந்து ஐம்பது ரவைகள் சுடும் சோதனையையும் முடித்தல் வேண்டும். ஆனால் 2021 செப்டெம்பர் முதல், அப்பத்திரம் இன்றியே கைத்துப்பாக்கியை உடன்கொண்டு செல்லலாம். இந்நிலையில், தாமாக முன்வந்து பயில்வோர் துப்பாக்கி வைத்திருப்போருள் ஓரளவு பொறுப்புணர்ச்சி மிக்கவர் என்றே கொள்ளல் வேண்டும். கொடுமைக்காரக் கணவனைப் பிரிந்து தனியே வாழும் பெண்ணும், நள்ளிரவு வரை கடையில் நிற்கும் தொழிலாளியும், பொலிஸ் நிலையத்துக்கு நெடுந்தொலைவில் வசிக்கும் கிராமத்தவனும் கொள்ளும் அச்சம் போலியானதன்று.

ஆயின் அவ்வச்சத்துக்கு வகுப்பு அளிக்கும் வடிவம் யாது? இவ்விடத்திலேதான் கூப்பர் 1972இல் வெளியிட்ட ‘தனிமனிதத் தற்காப்பின் கோட்பாடுகள்’ என்னும் சிறு நூல் நமக்கு உதவுகின்றது. ஆயுதத்தைக் கையாளும் நுட்பத்தை அது விளக்கவில்லை. மனத்தைப் பயிற்றுவதே அதன் நோக்கம். விழிப்பு, தீர்மானம், தாக்கும் முனைப்பு, வேகம், நிதானம், இரக்கமின்மை, எதிர்பாராமை என ஏழு கோட்பாடுகளை அது வகுக்கின்றது. நடை சுருக்கமானது, தெளிவானது, தன்னம்பிக்கை நிறைந்தது. வாசகன் கோழையாயிருப்பதை ஆசிரியர் விரும்பவில்லை. தாக்கப்படுபவன் தலைகுனிந்து அடங்குவதைவிட எதிர்த்து நிற்பதே மேல் என்பது அவர் கட்சி. அவ்வளவில் அதில் ஓர் ஆண்மை உண்டு.

ஆனால், இலக்கிய விமர்சகன் எந்நூலிடத்தும் கேட்கும் கேள்வியை இங்கும் கேட்போம். இதன் பாத்திரங்கள் எத்தகையவர்? நாயகன் ஒருவன் இருக்கின்றான். அவனே வாசகன், அவன் நல்லவன் என்பது விவாதத்துக்கு இடமின்றி முடிந்துபோன விஷயம். எதிர்நாயகன் ஒருவனும் இருக்கின்றான். அவனுக்கு முகமில்லை, ஊரில்லை, வாழ்க்கை வரலாறில்லை. அவன் இருளிலிருந்து வருகின்றான், தாக்குகின்றான், வீழ்த்தப்படுகின்றான். அவன் ஏன் வந்தான் என்பது தற்காப்பு நூலின் கேள்வியன்று எனலாம். அது நியாயமே. ஆனால், வந்தவன் அவன்தானா என்ற கேள்வியை எந்தத் தற்காப்பு நூலும் தவிர்த்தல் இயலாது. ஏழு கோட்பாடுகளுள் ஒன்றேனும் ‘ஐயம்’ என்பதன்று. தீர்மானத்துக்கும் வேகத்துக்கும் இரக்கமின்மைக்கும் இடமளித்த நூல், தான் பிழைபட்டிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கவில்லை.

வகுப்புகளில் வழங்கும் பயிற்சி முறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. மார்பில் இருமுறையும் தலையில் ஒருமுறையும் சுடும் பயிற்சிக்கு ‘மொசாம்பிக்’ என்று பெயர். போர்த்துக்கேய ஆட்சிக்கு எதிராக அந்நாட்டு மக்கள் 1964 முதல் 1974 வரை நடத்திய விடுதலைப் போரின்போது, ரொடீசியக் கூலிப்படையினன் ஒருவன் எதிர்ப்பட்ட போராளியை அவ்வாறு சுட்டான் என்றும், அதைக் கேட்டே தாம் இப்பயிற்சியை அமைத்ததாகவும் கூப்பர் எடுத்துரைத்தார். அமெரிக்கப் புறநகரொன்றில் சனிக்கிழமை காலையில் கடதாசி இலக்கை மும்முறை சுடும் கணக்காளன் இதனை அறிந்திருக்கவேண்டும் என்பதில்லை. எனினும், குடியேற்ற ஆட்சியைக் காக்கச் சென்றவனின் கை அசைவு ‘தற்காப்பு’ என்ற பெயரில் வந்து சேர்ந்திருப்பதை நாம் கவனியாது விடமுடியாது. அக்கூலிப்படையினனின் எதிரே நின்றவன், தன் சொந்த மண்ணில் நின்றவன் அல்லவா?

இனி நாம் வற்புறுத்த விரும்பும் கருத்துக்கு வருவோம். கத்தியேந்திய ஒருவன் இருபத்தோர் அடித் தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான் என்று சோல்ட் லேக் சிற்றிப் பொலிஸ் பயிற்சியாளர் ஒருவர் 1983இல் எழுதினார். அன்று முதல் அவ்வளவு பயிற்சிக் களங்களில் ஒரு வாய்பாடாகிவிட்டது. ஒன்றரை விநாடியில் துப்பாக்கியை உருவக் கற்பிக்கலாம், குறிபார்க்கக் கற்பிக்கலாம். ஆனால் ஒன்றரை விநாடியில் ஒரு மனிதனை யாரென்று அறிவதற்கு எப்பயிற்சி உண்டு? அந்நேரத்தில் கை, பயிற்றப்பட்டதைச் செய்கின்றது. கண்ணோ, பயிற்சிக் களத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே சமுதாயம் காணக் கற்பித்ததைக் காண்கின்றது.

இது வெறும் ஊகமன்று. கொலராடோப் பல்கலைக்கழக உளவியலாளர் சிலர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் தோன்றும் மனிதன் துப்பாக்கி வைத்திருந்தால் சுடவும், கைத்தொலைபேசி போன்ற வேறு பொருள் வைத்திருந்தால் சுடாதிருக்கவும் பங்குபற்றியோர் பணிக்கப்பட்டனர். துப்பாக்கியேந்திய கறுப்பினத்தவனை அவர்கள் வெள்ளையனைவிட விரைவாகச் சுட்டனர். நேரம் குறுகியபோது, வெறுங்கையனான கறுப்பினத்தவனைத் தவறாகச் சுடுவதும் மிகுந்தது. பங்குபற்றியோர் வெள்ளையரோ கறுப்பினத்தவரோ என்பதால் இச்சாய்வு மாறவில்லை என்பதே கவனத்துக்குரியது. ஆகவே இதனைத் தனிமனிதனின் தீய நெஞ்சுக்குள் அடக்கிவிட முடியாது. அது அவன் வாழும் பண்பாட்டின் படிவு. அதே ஆய்வாளர் 2007இல் பொலிசாரைச் சோதித்தபோது, பயிற்சி பெற்றோரிடத்துத் தவறான முடிவுகள் குறைந்திருந்தன. பயிற்சியின் பயனை இது காட்டுகின்றது. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் முடிவெடுக்கும் வேகத்தில் அச்சாய்வு அவர்களிடத்தும் எஞ்சியேயிருந்தது.

ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் நிகழ்ந்தவை உண்டு. 2012இல் புளோரிடாவில், அனுமதிப்பத்திரம் பெற்ற அயற்காவலன் ஒருவன், கடைக்குச் சென்று திரும்பிய பதினேழு வயதுக் கறுப்பின மாணவனைச் சந்தேகித்துப் பின்தொடர்ந்து, ஈற்றில் சுட்டுக் கொன்றான். மாணவன் ஆயுதமேதும் வைத்திருக்கவில்லை. தற்காப்பு என்னும் வாதம் ஏற்கப்பட்டு அவன் 2013இல் விடுதலையானான். 2016இல் மினசோட்டாவில், பாடசாலைச் சமையற்கூடத்தில் பணியாற்றிய கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் காரைப் பொலிசார் மறித்தனர். சட்டப்படி அனுமதி பெற்றிருந்த அவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை முன்கூட்டியே அறிவித்தார். பொறுப்புள்ளவன் செய்யவேண்டியதென வகுப்புகள் கற்பிப்பதும் இதுவே. சில விநாடிகளில் அவர் சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரியும் 2017இல் விடுதலையானார். முன்னவனை நல்ல குடிமகனாகக் கண்ட அதே சமுதாயம், பின்னவரை அவ்வாறு காணவில்லை.

இங்கே நம் வாசகர் ஒரு தடை எழுப்பக்கூடும். ஒடுக்கப்பட்டோருக்குத் தற்காப்புரிமை இல்லையா என அவர்கள் கேட்கலாம். உண்டு என்பதே நம் விடை. வட கரோலினா மாநிலத்து மன்றோ நகரில் கு கிளக்ஸ் கிளான் கும்பல்களை எதிர்த்து ரொபர்ட் வில்லியம்ஸ் கறுப்பின மக்களை அணிதிரட்டியதும், அவ்வனுபவத்தை 1962இல் நூலாக எழுதியதும் வரலாறு. 1964இல் லூசியானாவில் குடியுரிமைத் தொண்டர்களைக் காக்கத் தொழிலாளர் ஆயுதக் காவலணி அமைத்தனர். ஆனால் அவர்கள் முகமற்ற அந்நியனுக்கு அஞ்சியவர்கள் அல்லர். எதிரி யார், அவன் எந்த அமைப்பைச் சேர்ந்தவன் என்பதை நன்கறிந்தவர்கள். அவர்களுடைய காவலுக்குக் கூட்டுக் கட்டுப்பாடும் அரசியற் கோரிக்கையும் இருந்தன. 1967இல் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் கலிபோர்னியாவில் வெளிப்படையாக ஆயுதமேந்தியபோது, ரவை நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடைசெய்யும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் றேகன் கையொப்பமிட்டார். உரிமை என்னும் சொல்லின் பொருள், ஆயுதம் யார் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்து மாறியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இன்றைய வகுப்போ அவ்வழியைச் சேர்ந்ததன்று. அது ஒவ்வொருவனையும் தனித்தனி அரசாக்குகின்றது. வேலையின்மை, சிதைந்த குடியிருப்புகள், நம்பிக்கையிழந்த காவற்றுறை என்பவற்றிலிருந்து பிறந்த அச்சத்தை, தனியொருவன் விலைகொடுத்து வாங்கக்கூடிய திறமையாக மாற்றிவிடுகின்றது. அதிலும் வர்க்க பேதம் உண்டு. ஐந்து நாள் வேலையை விட்டு, ஏறக்குறைய ஆயிரம் ரவைகளும் வாங்கிக்கொண்டு அரிசோனாவுக்குச் செல்ல இயன்றவன், அச்சத்துக்கு மிகக் குறைந்த காரணமே உடையவனாகப் பெரும்பாலும் இருப்பான்.

இறுதியாக, பயிற்சிக் களத்தின் இலக்குத் தாளைப் பார்ப்போம். அதில் வரையப்பட்டிருப்பது ஓர் அந்நியனின் உருவம். ஆனால் 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்ட 46,728 பேரில் 27,300 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கொலையுண்டோர் 17,927 பேர். துப்பாக்கி உள்ள வீட்டில் அதிகமாக இறப்பவன் திருடனல்லன். மனமுடைந்த தந்தை, தோல்வியுற்ற மகன். அவர்களுடைய உருவம் இலக்குத் தாளில் இல்லை. இதனை உணர்ந்தோரும் அந்நாட்டில் உளர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே கடையில் வாங்கிய துப்பாக்கிகளால் மூவர் சில நாள்களுள் தற்கொலை செய்துகொண்டதையடுத்து, துப்பாக்கி வியாபாரிகளும் பொதுச்சுகாதாரத் துறையினரும் கூடித் தடுப்பு முயற்சி தொடங்கினர். மனமுடைந்த நண்பனின் ஆயுதத்தைச் சிலகாலம் வாங்கி வைத்திருப்பதும் தற்காப்பே என அவர்கள் கற்பித்தனர். இதுவே நாம் போற்றவேண்டிய போக்கு.

கூப்பரின் நான்காம் விதி இலக்கை அறியச் சொல்கின்றது. அவ்விதியை அதன் முழுப்பொருளில் கொள்ளும்படியே நாம் கேட்கின்றோம். எதிரே நிற்பவனை எதிரியெனக் கண்ட கண்ணை யார் பயிற்றினர் என்ற கேள்வியும் அவ்வறிவுக்குள் அடங்கும். அக்கேள்விக்கு விடை காண ஒன்றரை விநாடி போதாது. அதற்குப் பாடசாலைகள் வேண்டும், வேலைத்தலங்கள் வேண்டும், மக்கள் ஒருவரையொருவர் அஞ்சாது சந்திக்கும் வீதிகள் வேண்டும். அவற்றை அமைப்பதே ஒரு சமுதாயத்தின் உண்மையான தற்காப்பாகும்.