சிறு திரையும் பெருங்குரலும்

ஓபராப் பாடகர் மைக் இல்லாமல் பாடுகிறார். அந்தக் கலையைத் தொலைக்காட்சியில் காட்டுவதன் நிறைகுறையை எடைபோட வேண்டுமானால், இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள். மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் பெரும் ஆர்க்கெஸ்ட்ரா முழங்கிக்கொண்டிருக்கும். அந்த முழக்கத்தைத் தாண்டி ஒரே ஒரு மனிதத் தொண்டை கடைசி வரிசை வரை எட்ட வேண்டும். வெறும் சத்தத்தால் ஆகிற காரியமில்லை இது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி 500 ஹெர்ட்ஸை ஒட்டி மிக வலுவாக இருந்து, மேலே போகப் போக மெலிகிறது. தேர்ந்த பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், 3,000 ஹெர்ட்ஸுக்கு அருகே தன் குரலின் ஆற்றலைக் குவித்து அந்த மெலிந்த இடத்தின் வழியாக வெளியே வருகிறார். ஸ்வீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் இதை அளந்து விளக்கினார். எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் நாடகக் கொட்டகையின் கடைக்கோடி வரை கேட்டதை நம் பெரியவர்கள் வியந்து வியந்து சொன்னார்களே, அதே வியப்புதான் ஓபரா ரசிகனை அரங்குக்கு இழுக்கிறது.

தொலைக்காட்சி முதலில் பறிப்பது அந்த வியப்பை. மைக் பாடகருக்கு அருகில் வந்துவிடுகிறது. ஒலிப்பதிவாளர் குரலையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் தனித்தனியே ஏற்றி இறக்கிச் சமன் செய்கிறார். அரங்கில் பத்தாவது வரிசையைத் தாண்டாத குரலும், கூரையை அதிரவைக்கும் குரலும் வீட்டுக்கூடத்தில் ஒரே அளவில் கேட்கின்றன. எது பெருங்குரல், எது சிறுகுரல் என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. இந்த இழப்பை எவ்வளவு நல்ல ஒலிபெருக்கியாலும் ஈடுகட்ட முடியாது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது பார்வை. மொசார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' ஓபராவில் இரண்டாம் அங்கத்தின் இறுதிப் பகுதி இருவர் பாட்டாகத் தொடங்கி, ஒவ்வொருவராக உள்ளே வர, ஏழு பேர் பாட்டாக முடிகிறது. சுமார் இருபது நிமிடம் இசை நிற்பதே இல்லை. யார் யாரை ஏமாற்றுகிறார்கள், யார் முகம் இருள்கிறது என்பதை அரங்கில் இருப்பவரின் கண் தானே அலைந்து கண்டுகொள்கிறது. தொலைக்காட்சியில் அந்த வேலையை இயக்குநர் எடுத்துக்கொள்கிறார். கோமகளின் முகம் திரையை நிரப்பும்போது மற்ற ஆறு பேரும் காதுக்கு மட்டுமே இருக்கிறார்கள். ஏழு குரல்களை ஒரே நேரத்தில் உறவாட வைத்ததுதான் மொசார்ட்டின் சாதனை. திரையில் அது துண்டுதுண்டாகிறது.

இத்தனை குறை இருந்தும் இந்தக் கலையைத் தொலைக்காட்சியில் பார்க்கத்தான் வேண்டுமா? சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இந்தக் கேள்விக்கு வேறொரு கனம் உண்டு. இந்தியாவில் ஓபராவுக்கென்று கட்டப்பட்டு இன்றும் நிற்கும் அரங்கு, 2016இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட மும்பை ராயல் ஓபரா ஹவுஸ். அதைத் தவிர நமக்குத் திரைதான் வாசல். ஆகவே தொலைக்காட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், அது எங்கே இந்த இழப்புகளுக்கு ஈடாக எதையாவது தந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன்.

ஒரு நன்மையை உடனே ஒப்புக்கொள்ளலாம். 1977 மார்ச் 15 அன்று மெட்ரோபாலிடன் அரங்கிலிருந்து புச்சினியின் 'லா போயெம்' அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. பாவரொட்டியும் ரெனாட்டா ஸ்கோட்டோவும் பாடினார்கள். திரையின் அடியில் ஆங்கிலத்தில் வசன வரிகள் ஓடின. இத்தாலிய மொழி தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்கு ஒவ்வொரு வரியும் அந்தந்த நொடியில் புரிந்தது. டொராண்டோவில் 1983இல் 'எலெக்ட்ரா' மேடையேறியபோதுதான் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளைக் காட்டும் வழக்கம் ஓபரா அரங்குகளில் தொடங்கியது. மெட்ரோபாலிடனுக்கு அது வர 1995 ஆனது. கையில் பாட்டுப் புத்தகத்துடன் இருட்டில் தடவிக்கொண்டிருந்த ரசிகனுக்கு அரங்கு செய்யத் தயங்கிய உதவியைச் சிறு திரை முன்பே செய்துவிட்டது. ஆனாலும் அது திரைக்கு அடியில் ஓடும் எழுத்தின் நன்மை. படத்தின் நன்மை என்ன என்பதைத் தனியே பார்க்க வேண்டும். அதற்கு மூன்று முயற்சிகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1992 ஜூலை 11, 12 தேதிகளில் ரோமிலிருந்து ஒளிபரப்பான 'டோஸ்கா'. தயாரிப்பாளர் அந்திரேயா அந்தெர்மானின் திட்டம் துணிச்சலானது. புச்சினியின் கதை எந்த இடங்களில் நடக்கிறதோ அதே இடங்களில், அதே வேளைகளில் நேரலையாகப் பாட வைப்பது. முதல் அங்கம் சாந்த் அந்திரேயா தேவாலயத்தில் நண்பகலில். இரண்டாவது ஃபர்னேசே மாளிகையில் இரவில். மூன்றாவது சாந்த் ஆஞ்சலோ கோட்டையின் மேல்தளத்தில் விடியற்காலையில். காத்தரின் மல்ஃபிட்டானோ, பிளாசிதோ தொமிங்கோ, ருஜேரோ ராயிமொந்தி பாடினார்கள். பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா ஆர்க்கெஸ்ட்ராவோடு வேறோர் இடத்தில் இருந்தார். பாடகர்கள் அவருடைய கையசைவைத் திரைகளில் பார்த்துப் பாடினார்கள். விட்டோரியோ ஸ்டொராரோ ஒளிப்பதிவு. நூறு நாடுகளுக்கு மேல் பார்த்தன.

இந்தப் படைப்பைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. விடியலில் கோட்டை மதிலருகே தொமிங்கோ தன் பாத்திரத்தின் கடைசிப் பாட்டைப் பாடுவது முன்பே பதிவு செய்த குரலில் இல்லை. அந்தக் குளிர்ந்த காற்றில், அந்த நேரத்துத் தொண்டையில், தவறினால் உலகமே கேட்கும் என்ற நிலையில் பாடுகிறார். அந்த அபாயம் உண்மையானது. ஆனால் கற்சுவரும் பளிங்கும் உண்மையாக இருப்பதால் ஓபராவுக்கு என்ன கூடியது? உண்மையான தேவாலயத்தில் ஓர் ஓவியன் தன் காதலியோடு பேசுவதற்குப் பதில் பாடினால், அந்தத் தூண்கள் அவனைச் சாட்சிக்கூண்டில் நிறுத்துகின்றன. மேடையில் எழாத ‘ஏன் பாடுகிறான்?’ என்ற கேள்வி இங்கே எழுந்துவிடுகிறது. மேடையின் துணித்திரை, அட்டைக் கோபுரம் எல்லாம் ‘இங்கே மனிதர்கள் பாடுவார்கள்’ என்ற உடன்பாட்டின் அடையாளங்கள். அவற்றை அகற்றிவிட்டு அசல் ரோமைக் கொண்டுவந்ததும் அந்த உடன்பாடு முறிகிறது. ஆர்க்கெஸ்ட்ரா எங்கோ இருக்கிறது என்பது காதுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. இடத்தின் உண்மைக்காக இவ்வளவு உழைத்தவர்கள், இசை பிறக்கும் இடத்தை மறைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது முயற்சியில் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மன் நேர் எதிர்த்திசையில் போனார். ஸ்வீடன் வானொலியின் பொன்விழாவுக்காக அவர் எடுத்த மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' 1975 ஜனவரி 1 அன்று ஸ்வீடன் தொலைக்காட்சியில் வந்தது. ஸ்டாக்ஹோமுக்கு அருகே ட்ரோட்னிங்ஹோம் அரண்மனையில் 1766இல் கட்டிய மர அரங்கு இன்றும் பழைய இயந்திரங்களோடு இருக்கிறது. படப்பிடிப்புக் கருவிகளைத் தாங்காத அளவுக்கு அது நலிந்திருந்ததால், அதன் மேடையைப் படப்பிடிப்புத் தளத்தில் அப்படியே மறுபடி கட்டினார்கள். ஒளிப்பதிவு ஸ்வென் நிக்விஸ்ட், இசை நடத்தியவர் எரிக் எரிக்சன். பாட்டு முழுவதும் ஸ்வீடிஷ் மொழியில்.

தொடக்க இசை முழுவதும் பெர்க்மன் மேடையைக் காட்டவில்லை. அவையில் இருக்கும் முகங்களைக் காட்டுகிறார்: கிழவர்கள், இளைஞர்கள், பல நாட்டவர்; திரும்பத் திரும்ப ஒரு சிறுமியின் முகம். இசையின் தாளத்துக்கு ஏற்ப முகங்கள் மாறுகின்றன. கேட்பவரின் முகத்தை அரங்கில் யாரும் பார்க்க முடியாது. நாம் எல்லோரும் மேடையைத்தானே பார்த்துக்கொண்டிருப்போம். அரங்கு தர முடியாத ஒன்றைச் சிறு திரை தருவதை நான் முதன்முதலாக இங்கேதான் காண்கிறேன். பிறகு கதை தொடங்கியதும் அட்டை டிராகன் அட்டையாகவே வருகிறது. பறவை பிடிக்கும் பப்பகெனோவாக வரும் ஹோக்கன் ஹாகெகோர்ட் ஒப்பனை அறையில் அயர்ந்து கிடந்து, தன் முறை வந்துவிட்டதென்று எழுந்து ஓடுகிறார். இடைவேளையில் இரவின் அரசி சிகரெட் பிடிக்கிறாள். அவளுடைய எதிரி சரஸ்த்ரோ வாக்னரின் 'பார்சிஃபால்' இசைப்பிரதியைப் படிக்கிறார். அறிவுரை வரிகள் வரும் இடங்களில் நடிகர்கள் எழுத்துப் பலகைகளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். இது நாடகம் என்று ஒவ்வொரு நிமிடமும் பெர்க்மன் சொல்லிக்கொண்டே வருகிறார். அப்படிச் சொன்ன பிறகு, இரவின் அரசியின் மகள் பமீனா சாகத் துணியும் காட்சியில் அவள் முகத்துக்கு மிக அருகே காமிரா போகும்போது நாம் தயக்கமின்றி நம்புகிறோம். டோஸ்காவில் முறிந்த உடன்பாடு இங்கே முதல் நொடியிலேயே கையெழுத்தாகிவிட்டது.

சிறு வயதிலேயே இந்த ஓபராவைப் பார்த்துத் தன் பொம்மை அரங்கில் நடத்த ஆசைப்பட்டவர் பெர்க்மன். 1968இல் வந்த 'ஓநாயின் நேரம்' படத்திலும் இதன் ஒரு காட்சியைப் பொம்மை நாடகமாக நுழைத்திருந்தார். வாழ்நாள் முழுதும் சுமந்த பற்று இந்தப் படத்தில் தெரிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை; அவற்றைச் சிறியவை என்று சொல்லவும் மாட்டேன். பாட்டு முன்பே பதிவானது, நடிகர்கள் வாயசைக்கிறார்கள். இரவின் அரசியின் இரண்டாம் பாட்டு சோப்ரானோக்களை நடுங்கவைக்கும் உச்ச எஃப் ஸ்வரத்தை நான்கு முறை தொடுகிறது. அந்த உச்சிக்கு ஏறும் மூச்சையும் தாடையின் உழைப்பையும் நேருக்கு நேர் காணும் நடுக்கம் வாயசைப்பில் கிட்டாது. தொமிங்கோவிடம் இருந்த அபாயம் இங்கே இல்லை. அடுத்து, சரஸ்த்ரோவைப் பமீனாவின் தந்தையாக மாற்றினார் பெர்க்மன். மொசார்ட்டும் உரை எழுதிய ஷிகானேடரும் ஃப்ரீமேசன் சங்கத்தினர். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான போராட்டத்தை அந்தச் சங்கச் சடங்குகளின் சாயலில் வைத்தார்கள். பெர்க்மன் அந்தச் சடங்கை வெட்டி, மகளுக்காகப் பெற்றோர் இருவர் போடும் சண்டையாக்கினார். கதை தெளிவானது, அளவு குறுகியது. அவருடைய பல படங்களில் வரும் குடும்பப் பிணக்கை மொசார்ட்டின் மேல் ஏற்றிவிட்டார் என்ற குற்றச்சாட்டை என்னால் மறுக்க முடியவில்லை.

மூன்றாவது, வாக்னரின் 'நீபலுங்கின் மோதிரம்'. ஜெர்மனியின் பைரோய்ட் ஓபரா விழாவின் நூற்றாண்டான 1976இல் பத்ரீஸ் ஷெரோ இயக்கி, பியர் பூலெஸ் இசை நடத்திய மேடையேற்றம். 1979, 1980 ஆண்டுகளில் பார்வையாளர் இல்லாத அதே அரங்கில் ப்ரையன் லார்ஜ் அதைப் படமாக்கினார். ரோம் டோஸ்காவின் காமிராக்களை இயக்கியவரும் இவரே. நான்கு ஓபராக்களாக நான்கு இரவுகளில் பரவும் இந்தப் பெருங்காவியம் வீட்டுப் பெட்டிக்குள் அடங்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இரண்டாம் ஓபராவில் கடவுளர் தலைவன் வோட்டான் தன் தோல்வியைத் தனக்கே சொல்லிக்கொள்ளும் நீண்ட பகுதியைப் பாருங்கள். அரங்கில் பலரைக் களைப்படையச் செய்யும் இடம் அது. ஷெரோ அவரை ஒரு கண்ணாடியின் முன் நிறுத்தினார். அறையில் ஒரு பெரிய ஊசல் ஆடிக்கொண்டிருக்கிறது. வோட்டானாகப் பாடும் டொனால்ட் மெக்கிண்டையர் தன் பிம்பத்திடமே பேசுகிறார். முடிவு ஒன்றுதான் வேண்டும் என்று சொல்லுமிடத்தில் ஊசலை நிறுத்துகிறார். கடவுள் ஒருவர் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் முகத்தை ஒரு முழம் தூரத்தில் பார்க்க முடிவது திரையின் கொடை. மேடை நடிப்பே நுணுக்கமாக இருந்ததால் காமிராவுக்குச் செய்ய வேலை இருந்தது. ஆனால் நான்காம் ஓபராவின் முடிவில், உலகம் எரிந்து ரைன் நதி பெருகும் இசை வரும்போது பெட்டி தோற்கிறது. பைரோய்டின் மறைவான பள்ளத்திலிருந்து எழும் அந்த ஒலி உடலின் மேல் வந்து மோதுவதற்காக எழுதப்பட்டது. சிறு திரையில் அது செய்தியாக மட்டுமே வந்துசேருகிறது.

சிம்பொனிக் கச்சேரிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை. இசை நடத்துநர் கராயன் தன் கச்சேரிப் படங்களில் வாத்தியக்காரர்களை அணிவகுப்பாக அடுக்கி, மூடிய தன் கண்களை நடுவில் வைத்தார்; இசையைவிட அவர் உருவமே நினைவில் தங்குகிறது. இதற்கு மாறாக 1954 நவம்பரில் இன்னொரு இசை நடத்துநரான லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 'ஆம்னிபஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் பக்கத்தைத் தரையிலேயே பெரிதாக வரைந்து, வாத்தியக்காரர்களை அவரவர் வரியின் மேல் நிறுத்திக் காட்டினார். பீத்தோவன் எழுதி எழுதி ஒதுக்கிய பகுதிகளையும் வாசிக்க வைத்து, ஏன் ஒதுக்கினார் என்று விளக்கினார். கச்சேரி அரங்கு இதைச் செய்யவே முடியாது. இசைக்குத் தொலைக்காட்சி ஆற்றிய தொண்டில் இதை மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறேன்.

இனித் தீர்ப்பு. மூன்று ஓபரா முயற்சிகளிலும் பெர்க்மனின் படைப்பே முதலிடம் பெறுகிறது. காரணம் அவருடைய மேதைமை மட்டும் இல்லை. 'மாயப் புல்லாங்குழல்' 1791இல் வியன்னாவின் புறநகர் நாடகக் கொட்டகையில், இடையிடையே வசனம் பேசும் மக்கள் நாடகமாக அரங்கேறியது. அதைப் பெர்க்மன் சில நூறு பேர் மட்டுமே அமரும் ஓர் அரங்கின் அளவுக்குள் வைத்தார். அங்கே பெருங்குரல் தேவையில்லை. ஆகவே தொலைக்காட்சி பறிக்கும் முதல் பொருள் அங்கே ஏற்கெனவே பாதி குறைந்திருந்தது. ஷெரோவின் மோதிரம் இரண்டாமிடம்: முகங்களில் வென்று, முழக்கத்தில் தோற்றது. ஆனால் சரஸ்த்ரோவைத் தந்தையாக்கியது போன்ற கை வைப்புகளைப் பொறுக்காதவர்களும், உண்மையான ஓபரா மேடை எப்படியிருக்கும் என்று அறிய விரும்புகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டோஸ்காவை அந்த விடியற்காலைப் பாட்டுக்காக வைத்துக்கொள்ளலாம், முன்மாதிரியாக வேண்டாம். மெட்ரோபாலிடன் நேரலைகளை நான் ஆவணங்களாகவே மதிக்கிறேன். பாவரொட்டியின் முகத்தை அவை காப்பாற்றியிருக்கின்றன. அவருடைய குரல் 3,800 இருக்கைகளுக்குள் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு அந்த அரங்கில் இருந்தவர்களே சாட்சி.