மூச்சு வாங்கும் இடம்

ஒரு பாட்டுத் தொகுப்பை அடுத்தவருக்குச் சிபாரிசு செய்வதிலும் ஒரு கைத்திறன் இருக்கிறது. என் நண்பன் எதையும் 'சூப்பர்' என்று சொல்லித் தள்ளிவிட மாட்டான். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' தொகுப்பைத் தந்தபோது, "வயலினை விடுடா, அவங்க மூச்சு வாங்குற இடத்தைக் கேளு" என்றான். அந்தத் தொகுப்பு 1958-இல் வந்தது. கரகரத்துத் தேய்ந்த குரல், சொல்லின் விளிம்பில் தயங்கி, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வந்து சேர்கிறது. பட்டுத்துணியில் நகம் பட்டதுபோல் ஒரு சிறு உரசல்.

எங்கள் தோழிக்கோ பாடகி ஜோனி மிட்செலின் 'ப்ளூ' (1971) தான் பெரிது. டல்சிமர் என்ற தந்திக் கருவியின் துள்ளலும் சட்டென மேலேறும் குரலும் அவளுக்குப் போதும். இருவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் வாதாடுகிறார்கள். அதனால் அந்த வாதமும் இனிக்கிறது. இரண்டையும் கேளுங்கள், முதலில் ஹாலிடே.