மருந்து தந்தோம், அபயம் தந்தோமா?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். தானத்தை உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நான்காகப் பகுத்தது அந்த மரபு. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருக்கு நம் மருத்துவமுறை எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்று எடைபோட இந்தப் பகுப்பே நல்ல அளவுகோல்.

மருந்தைப் பொறுத்தவரை நாம் தலைநிமிர்ந்து பேசலாம். இந்த வட்டாரத்துக்குப் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டையின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என மூன்று திசையிலும் கதவு திறந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருப்பதால், கூலிக் குடும்பத்துப் பெண்ணும் அறுவைச் சிகிச்சை, கீமோ, 'கரண்ட்' எனப்படும் கதிர்வீச்சு மூன்றையும் முடித்துவர வழி உண்டு.

அதன்பின் தொடங்குவது 'ரிவ்யூ'. முதலில் சில மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. இந்த வழக்கத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரே ஃபைல், நோயை அறிந்த அதே மருத்துவர் குழு; மார்பகப் புற்றுநோய் கண்டவருக்கு மறு மார்பில் புதிதாகக் கட்டி வந்தால் காலத்தோடு பிடிபடும்; ஐந்து, பத்து ஆண்டுகள் தினமும் விழுங்கவேண்டிய டமாக்சிஃபென் பாதியில் நின்றுபோகாது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கிருந்து நடத்தப்படும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு, நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று தபாலிலும் வீடு தேடிச் சென்றும் விசாரித்தது. வாசலைத் தாண்டிப் போனவரையும் நம்மவர் என்று கருதும் மனம் அதில் இருக்கிறது.

ஆனால் ரிவ்யூ கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நோய் திரும்பியதா? 'எப்படி வாழ்கிறீர்கள்' என்று கேட்க நீண்ட வரிசை இடம் தருவதில்லை. கழுத்தில் கரண்ட் வைத்தவருக்கு வாய் உலர்ந்து சோறு இறங்காது. சில ஆண்டுகளில் தைராய்டும் மந்தமாகலாம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்ணுக்குக் கை வீங்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் மாதவிலக்கு முன்கூட்டியே நின்றுபோகலாம், மலத்தில் ரத்தம் வரலாம், தாம்பத்தியம் வலியாகலாம். பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றியவருக்கு உள்ளங்கால் மரத்துப்போகலாம். வெறுங்காலோடு நெல்வயலில் இறங்கினால் முள் தைத்ததே தெரியாது. உயிர் பிழைத்ததற்குக் கொடுத்த விலை இது என்று எண்ணி அவர் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

பயணமும் ஒரு சுமை. செக்கப்புக்குப் போகவும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போக விழுப்புரம் சுற்ற வேண்டும். எனவே பேருந்துதான், நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒருநாள் கூலி போகும்.

ஸ்கேன் எடுக்காத ரிவ்யூ ரிவ்யூவே இல்லை என்ற நம்பிக்கை இந்தச் சுமையை இன்னும் கூட்டுகிறது. மார்பகப் புற்றுநோய் குறித்து 1994இல் வெளியான இரண்டு இத்தாலிய ஆய்வுகள், அறிகுறி இல்லாதவர்களுக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேனும் நெஞ்சுப் படமும் எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டின. 2006இல் கனடாவில் 968 பெண்களிடம் செய்த ஆய்வு, குடும்ப மருத்துவர் செய்த தொடர் கண்காணிப்பு சிறப்பு மருத்துவருடையதைவிடக் குறைந்ததல்ல என்றது. எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது; பெருங்குடல் புற்றுநோய்க்கு ஸ்கேன் பயன்தரும். ஆயினும் ரிவ்யூவின் ஒரு பகுதியை ஊருக்கு அருகே கொண்டுவரலாம் என்பதற்கு இது போதிய சான்று.

அதற்கான ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் வலிதணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. இந்த அமைப்பு ஒரு முனையில் நோயைத் தேடுகிறது. மறுமுனையில் இறுதிநிலை நோயாளிக்குத் துணை நிற்கிறது. நடுவில், நோயை வென்று வாழ்கிறவருக்கென்று தனிப் பட்டியல் இல்லை. வீங்கிய கைக்குப் பயிற்சி சொல்லித்தரக்கூடியவர் அதே தெருவுக்கு வந்து போகிறார். நோயை வென்றவரின் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.

பொறுப்பை ஆரம்பச் சுகாதார நிலையத்தின் தலையில் அப்படியே இறக்கிவைப்பதும் தவறு. எதைக் கவனிக்க வேண்டும் என்று செவிலியருக்குச் சொல்லித்தர வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி நோயாளிக்கே புரிவதில்லை. அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தருவதே சாத்திர தானம்: என்ன சிகிச்சை நடந்தது, எந்த அறிகுறி வந்தால் உடனே போகவேண்டும், எது பயப்படத் தேவையில்லாதது. தாள் மட்டும் போதாது. கனடாவிலேயே 2011இல் வெளியான ஆய்வில், இத்தகைய குறிப்பேட்டைக் கொடுத்ததனால் மட்டும் பெண்களின் மனவேதனை குறையவில்லை. பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு செவிலியரும், அவர் சந்தேகம் கேட்கப் பெரிய மருத்துவமனையில் ஒரு தொலைபேசி இணைப்பும் தாளுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும்.

உணவும் ஊரறிந்து சொல்லப்பட வேண்டும். முட்டை, மீன் என்று புரதப் பட்டியல் தந்தால், புலால் உண்ணாத, பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமணக் குடும்பத்துக்கு அது உதவாது. இங்கே விளையும் மணிலாக்கொட்டையும் பருப்பும் தயிரும் எந்த வேளையில், எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

மிகவும் அரிதாகக் கிடைப்பது அபயம். ஒவ்வொரு இருமலிலும் நோய் திரும்பிவிட்டதோ என்ற நடுக்கம். மகள் கல்யாணம் தடைப்படுமோ என்று நோயையே மறைக்கும் மௌனம். இதை ஸ்கேன் தீர்க்காது. இதே பாதையில் நடந்து பத்து ஆண்டு கடந்த ஒருத்தி அருகில் உட்கார்ந்து பேசினால் தணியும். மடத்து மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ மாதம் ஒருமுறை அத்தகைய கூட்டம் நடத்தப் பெரும் பணம் தேவையில்லை.

ஆகவே ரிவ்யூவைக் கைவிடச் சொல்லவில்லை, பகிர்ந்துகொள்ளச் சொல்கிறேன். நோய் திரும்பும் ஆபத்து மிகுந்தவர் பெரிய மருத்துவமனையிலேயே தொடரட்டும். மற்றவர் ஒருமுறை அங்கே, அடுத்தமுறை ஊர்ப்பக்கம் என்று மாறிமாறிப் பார்க்கப்படட்டும். வீடு தேடி வரும் பட்டியலில் இவர்கள் பெயரையும் அரசு சேர்க்கட்டும். லட்சங்கள் செலவழித்துக் காத்த உயிர், வேலை செய்யவும் சாப்பிடவும் அச்சமின்றித் தூங்கவும் முடிந்தால்தான் அந்தச் செலவு முழுப் பயன் தந்ததாகும்.