நாவும் நிலமும்

அரபு எழுத்துகளுள் 18 எழுத்துகள் நாவில் பிறப்பவை என்று தஜ்வீத் கலையோர் வகுத்துள்ளனர். நாவின் அடி, நடு, ஓரம், நுனி என ஒவ்வோர் இடத்தையும் காட்டிக் காட்டிச் சிறுவர்க்கு ஓதிக் கொடுப்பதே என் தொழில். ஆதலின், ஒரு சிறுமி தன் நாவைக் கத்திக்குப் பறிகொடுக்கும் நிகழ்ச்சியோடு தொடங்கும் புதினமொன்றைப் படிக்க நேர்ந்தபோது தொடக்கத்திலேயே மனம் துணுக்குற்றது.

பிரேசில் நாட்டவரான இட்டமார் வியெய்ரா ஜூனியர் போர்ச்சுகீசிய மொழியில் எழுதிய ‘டோர்ட்டோ அராடோ’ என்பதே அந்நூல். ‘கோணற்கலப்பை’ என்று நாம் சொல்லலாம். 2018-இல் லெயா பரிசு பெற்று, 2019-இல் நூலுருவாயிற்று. 2023-இல் வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பின் வாயிலாகவே நான் படித்தேன். ஆசிரியர் புவியியல் கற்றவர்; அரசின் நிலச் சீர்திருத்த நிறுவனத்தில் பணியாற்றியவர்; கிலோம்போ மக்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். கேள்விப்பட்டதை அன்று, கால்பட நடந்த மண்ணை எழுதியிருக்கிறார் என்பது பக்கந்தோறும் புலனாகிறது.

கிலோம்போ என்பது அங்கோலாவின் கிம்புண்டு மொழியில் பாசறையைக் குறித்த சொல். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்டோர் தப்பியோடிக் காட்டிலும் மலையிலும் அமைத்துக்கொண்ட குடியிருப்புகளுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. அவற்றுள் புகழ்பெற்ற பல்மாரிஸின் தலைவர் ஸும்பி 1695 நவம்பர் 20-இல் கொல்லப்பட்டார். 1888-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றோர்க்கோ ஒரு சாண் நிலமும் வழங்கப்படவில்லை. அரசு நிலத்தை விலைகொடுத்தே பெறலாம் என 1850-இன் நிலச் சட்டம் முன்கூட்டியே வாயிலை அடைத்துவிட்டிருந்தது. வாளா வந்தவன் வாளாவே போனான். போக இடமில்லாதவன் பழைய பண்ணையிலேயே தங்கினான்.

அத்தகைய ஒரு பண்ணைதான் இக்கதை நிகழும் ‘அகுவா நெக்ரா’. பாஹியா மாநிலத்தின் உள்நாட்டு மலைப்பகுதியான ஷப்பாடா டியமன்டீனாவில் அது அமைந்துள்ளது. அங்கே குடியிருக்க இடமுண்டு, கூலி இல்லை. பண்ணைவேலை போக எஞ்சிய பொழுதில் வீட்டுப் புறத்தில் பயிரிட்டு உண்ணலாம். அதிலும் கங்காணி வந்து பங்கு அள்ளிச் செல்வான். வீடு கட்டலாம், மண்ணால்தான் கட்டவேண்டும், செங்கல் ஆகாது. இந்த ஒரு விதியை ஆசிரியர் நூல் நெடுகிலும் மீண்டும் மீண்டும் காட்டுகிறார். காரணம் எளிது. செங்கற்சுவர் நின்று சாட்சி சொல்லும். மண்சுவரோ மழையில் கரையும்; மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் சுவடு வைக்காது.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘இஹ்யாஉல் மவாத்’ என்றொரு பாடம் உண்டு. உரியவர் இல்லாத தரிசை உழைத்து உயிர்ப்பித்தவனுக்கே அது உரிமையாகும் என்பது அதன் சாரம். ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பார் இமாம் அபூஹனீபா. வேண்டியதில்லை என்பார் இமாம் ஷாஃபிஈ. இப்புதினத்துக் குடியானவர் எந்த மத்ஹபிலும் வழக்காட முடியாதவர்கள். பண்ணையின் பத்திரம் வேறொருவர் கையில் இருக்கிறது.

பத்திரம் என்றதும் அதே பாஹியாவின் வேறொரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அது நூலில் இல்லை. எனினும் நம் வாசகர் அறியவேண்டியது. 1835 ஜனவரியில், ரமலானின் கடைசிப் பத்தில், சால்வடார் நகரில் மாலே எனப்பட்ட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களிடமிருந்த அரபுத் தாள்களைக் காவலர் குற்றச் சான்றுகளாகக் கைப்பற்றினர். அவற்றுட்சில இன்றும் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுதத் தெரிந்த அடிமைக்கு அவன் எழுத்தே எதிர்ச்சாட்சியாயிற்று. எழுத்தறியாத குடியானவனுக்கு எழுத்தில்லாமையே எதிர்ச்சாட்சி.

இனிக் கதைக்கு வருவோம். பாட்டி டொனானாவின் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி. அதில் துணியில் பொதிந்த கத்தி. அதன் பளபளப்பில் மயங்கிப் பேத்தியர் பிபியானாவும் பெலோனீசியாவும் அதனை வாயில் வைத்துப் பார்க்கின்றனர். ஒருத்தியின் நா துண்டாகிறது. யாருடையது என்பதை ஆசிரியர் நெடுந்தூரம் மறைத்துச் செல்கிறார். திறனாய்வுக்காக நான் அதனைச் சொல்லியே ஆகவேண்டும்: இழந்தவள் பெலோனீசியா.

நூலின் உச்சம் என நான் கருதுவது அவள் கூறும் இரண்டாம் பகுதியில் வரும் சிறு காட்சி. தனித்திருக்கையில் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கிறாள். தந்தை ஸேக்கா நிலத்தை உழுவதைக் கண்டு மகிழ்ந்தவளாதலின், கலப்பை என்னும் சொல்லையே தேர்கிறாள். வெளிப்படுவதோ உருக்குலைந்த ஓர் ஓசை. ‘அராடோ’ என்பதில் வரும் ரகரமும் டகரமும் நாநுனி இல்லாமல் பிறக்கமாட்டா. எத்தனையோ பிள்ளைகள் ஒரு ‘ளாது’க்காகத் திணறியதைக் கண்டவன் நான், இப்பக்கத்தை இருமுறை படித்தேன்.

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்க இறைவனிடம் வேண்டியதையும், தம்மினும் சொல்வன்மை மிக்க சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டதையும் நாம் அறிவோம். நபிமாரோடு யாரையும் ஒப்பிடுவதாக எண்ணவேண்டா. நினைவில் எழுந்ததைச் சொல்கிறேன். கொடுங்கோலன்முன் நிற்போர்க்கு ஒரு நா வேண்டும். இங்கே தங்கைக்கு நாவாக இருந்த பிபியானா, செவேரோ என்பவனோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். பேச இயலாதவள் மண்ணோடு தங்குகிறாள்.

பின்னர் இருவரும் மீள்கின்றனர், பிபியானா ஆசிரியையாகிறாள். செவேரோ அம்மக்களுக்கு ஒரு சொல்லைக் கொண்டுவருகிறான்: நாம் கிலோம்போ வழியினர். வெறும் சொல்தானே என்று எண்ணலாகாது. குடியிருக்கும் நிலம் கிலோம்போ வழித்தோன்றல்களுக்கே உரியது என 1988-இன் அரசியலமைப்பு ஏற்றது. ஒரு சமூகம் தன்னைத் தானே அவ்வாறு அறிவிப்பதையே அடிப்படையாகக் கொள்ளலாம் என்றது 2003-இன் அரசாணை. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆக, பத்திரம் இல்லாதவனுக்கு முதற்சான்று அவன் நாவே. 2022-இன் குடிக்கணக்கில் முதன்முறையாகத் தனியே எண்ணப்பட்டபோது, தம்மை அவ்வாறு கூறிக்கொண்டோர் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அச்சொல்லைச் சொன்ன செவேரோ சுட்டுக் கொல்லப்படுகிறான். போதைப்பொருள் தகராறு என்று காவல்துறை கணக்கை முடிக்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். அக்காளின் குரலும் தங்கையின் குரலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. படிப்பை வெறுத்து வயலை நாடியவள், ஆசிரியையின் நடையிலேயே பேசுகிறாள். ஊமையின் உள்ளத்துக்குள் ஓடும் மொழி எப்படியிருக்கும் என்று ஆசிரியர் இன்னும் தேடியிருக்கலாம்.

ஸேக்கா ‘ஜாரே’ என்னும் வழிபாட்டின் மருத்துவர். ஆப்பிரிக்க மரபும் கத்தோலிக்கப் புனிதர் வழிபாடும் கலந்த அது நம் தவ்ஹீதுக்கு ஒவ்வாதது; அதனை மூடிமறைப்பது நாணயமாகாது. ஆயினும் அதே ஸேக்கா நகரத் தலைவரின் மகனைக் குணப்படுத்தியதற்குக் கைம்மாறாகக் கேட்பது பொன்னன்று, தம் பிள்ளைகளுக்குக் கல்வி. அம்மனிதரை வெறுக்க என்னால் முடியவில்லை.

என் மறுப்பு மூன்றாம் பகுதியைப் பற்றியது. அதனைக் கூறுவது மனிதர் எவருமல்லர். மக்கள்மேல் வந்திறங்குவதாக நம்பப்படும் ஓர் ஆவி. அகீதாவின் காரணமாக மட்டும் நான் மறுக்கவில்லை. எல்லாம் அறிந்த அந்தக் குரல் பழைய கொடுமைகளை விரைந்து விரைந்து சொல்லி முடிக்கிறது. முற்பகுதிகளின் நிதானம் அதில் இல்லை. அதனினும் பெரிது இன்னொன்று. கணவனின் கொலைக்குப்பின் பிபியானா ஊரார் முன் வாய் திறக்கிறாள். பெலோனீசியா கத்தியை மீண்டும் கையிலெடுக்கிறாள். அப்போதுதான் ஆசிரியர் கதை சொல்லும் உரிமையை இருவரிடமிருந்தும் வாங்கி, அந்த ஆவியிடம் கொடுத்துவிடுகிறார். அராடோ என்று சொல்ல முயன்று தோற்றவளே இறுதிவரை சொல்லியிருக்கலாம், திக்கித் திக்கியேனும்.