நாற்பது டிகிரிக்கு எந்த நிறம்?

காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டுப் பெட்டகத்தைத் திறந்தாலும் சேலைகளுக்கு மேலே ஒரு மூட்டை இருக்கும். அவிழ்த்தால் ரவிக்கைத் துணிகள். கல்யாணத்தில், கொலுவில், புதுமனை புகுவிழாவில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. தைத்துப் போடவும் இல்லை, தூக்கிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அப்பத்தாவின் மூட்டையை இந்தத் தை மாதம் அவிழ்த்தேன். மேலே இருந்த முப்பதில் பதினொன்று அரக்கு, எட்டு பச்சை, ஏழு மஞ்சள், மூன்று நீலம், ஒரு வெள்ளை. கறுப்பு ஒன்றுகூட இல்லை. மங்கலத்துக்கு யார் கறுப்பு வைத்துக் கொடுப்பார்கள்?

அவிழ்த்தது டெம்பரேச்சர் குவில்ட் ஒன்று தைக்க. ஆண்டின் 365 நாளுக்கும் நாளுக்கொரு துண்டு. அன்றைய வெப்பநிலைக்கு எந்த நிறம் என்பதை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஆண்டு முடியும்போது அதன் வெயிலும் குளிரும் ஒரு போர்வையாகக் கையில் இருக்கும். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2017இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக் காலநிலை விஞ்ஞானி எல்லி ஹைவுட், உலகச் சராசரி வெப்பநிலையை ஆண்டுக்கு ஒரு வரியாகக் குரோஷே போர்வையில் பின்னினார். அந்தத் தூண்டுதலில்தான் அவருடைய சக ஆய்வாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் வெப்பப் பட்டைகளை வெளியிட்டார். இன்று உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் படம் அது. கைவேலை அறிவியலுக்கு வழிகாட்டிய நல்ல உதாரணம்.

ஆனால் இந்த முறையை அப்படியே செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்தால் பொய் சொல்லும். சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. வழக்கமான அட்டவணை குளிர்நாட்டுக்காகப் போட்டது. ஃபாரன்ஹீட்டில் ஐந்தைந்து டிகிரியாக ஏறும். உறைநிலைக்குக் கீழே தொடங்கி நூறோடு முடியும். நூறுக்கு மேலே எல்லாம் ஒரே நிறம். நூறு ஃபாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ். நம் வெயில் கடுமையாகத் தொடங்குகிற இடத்தில் அந்த அட்டவணை நின்றுவிடுகிறது. மதுரை விமான நிலையத்தின் போன ஆண்டுப் பதிவை எடுத்து, அந்த அட்டவணைப்படி காகிதத்தில் வண்ணம் தீட்டிப் பார்த்தேன். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை பெரும்பாலும் இரண்டே நிறம் மாறி மாறி வந்தது.

பார்க்க அழகில்லை என்பது சின்னக் குறை. 38 டிகிரியில் எப்படியோ சித்தாள் வேலை பார்த்து முடிப்பவர் 41இல் மயங்கி விழுகிறார் என்பதுதான் பெரிய விஷயம். சமவெளியில் 40ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. பேரிடர் நாளும் வழக்கமான சித்திரை நாளும் ஒரே சிவப்பில் கிடந்தால் அந்தப் போர்வையை எப்படிப் பதிவு என்பது?

ஆகவே அளவுகோலை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நான் போட்டது இது: 26க்குக் கீழே ஒரு நிறம், 26 முதல் 34 வரை இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம், 34 முதல் 40 வரை டிகிரிக்கு ஒரு நிறம், அதற்கு மேலே ஒன்று. மொத்தம் பன்னிரண்டு. படிகள் சமமாக இல்லையே, வெயிலை ஊதிப் பெரிதாக்குகிறாயே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பன்னிரண்டு நிறத்தையும் எண்ணோடு ஓரத்தில் தைத்து வைத்தால் பார்ப்பவர் ஏமாற மாட்டார். நிறவிளக்கம் இல்லாமல் சுவரில் தொங்கும் வெயில் போர்வைகளை நான் நம்புவதில்லை.

இன்னொரு குறை, உச்ச வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. அக்னி நட்சத்திரத்தில் ஆளை வாட்டுவது தணியாத இரவுதானே! பலர் ஒரு கட்டத்தை இரண்டு முக்கோணமாக்கி, ஒன்றில் பகலையும் மற்றதில் இரவையும் வைக்கிறார்கள். சரியான திருத்தம். செட்டிநாட்டில் அதற்கும் மேலே ஒரு படி போகலாம். செல்பேசி 38 என்று காட்டும் மதியத்தில் பழைய வீட்டு வளவில் ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே திறந்த முற்றம், வெக்கையை மேலேற்றி விடும் உயரமான கூரை. ஊரின் வெயில் ஒன்று, வீட்டின் வெயில் வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் நம் கொத்தனார்கள் கட்டிக் கொடுத்தார்கள். அதனால் இரண்டாவது முக்கோணத்தில் நான் வைப்பது, வளவுத் தூணில் வெயில் படாத பக்கம் மாட்டிய வெப்பமானி பிற்பகல் மூன்று மணிக்குக் காட்டும் அளவு. கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் இருக்கும் யாராவது இதே ஆண்டு இதையே தைத்தால், இரண்டு போர்வையையும் பக்கத்தில் விரித்துப் பார்க்க எனக்கு ஆசை.

இதில் கண்டிப்பு வேண்டும். விட்டுப்போன நாளின் ஊர் வெப்பநிலையைப் பிறகு தேடி எடுக்கலாம். வீட்டின் அளவை எடுக்க முடியாது. மாசியில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் திருச்சியில் இருந்துவிட்டேன். அந்த நான்கு முக்கோணமும் காடாத்துணி.

இனித் துணி. இந்த முறையின் பெரிய பலம், வீட்டில் இருப்பதே போதும் என்பது. முழுக்கட்டத்துக்கு வெட்டும் அளவு நாலரை அங்குலத்துக்கு இரண்டரை என்றால், 44 அங்குல அகலத்தில் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி ஒன்றில் 108 துண்டு கிடைக்கும். வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அப்படியிருக்க, இதற்கென்று பன்னிரண்டு புதுத்துணி வாங்குவது வீண். மூட்டையில் இருந்த நிறங்களும் நம் காலநிலைக்கு வாகாகவே இருக்கின்றன: அரக்கும் மஞ்சளும் கொட்டிக்கிடக்க, நீலம் மூன்றே மூன்று. ஐப்பசி மழைக்கும் மார்கழிக்கும் அது போதும்.

அதற்காக மூட்டையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய டூ பை டூ ரூபியா நல்ல பருத்தி; வெட்டலாம், தைக்கலாம். பிற்காலத்தில் வந்தவற்றில் பாதி பாலியெஸ்டர் கலந்தவை, இஸ்திரிப் பெட்டி பட்டதும் சுருளும். ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பருத்தி சாம்பலாகும், மற்றது உருகி மணியாகத் திரளும். அரக்குத் துணிகளை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பார்க்காமல் தைத்தால், முதல் சலவையிலேயே மார்கழி சிவந்துவிடும். பதினொரு அரக்கில் எது கூட, எது குறை என்று கண்ணுக்குப் புரியவில்லை. முற்றத்து வெளிச்சத்தில் வரிசையாக வைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தேன். நான்கு துணி ஒரே சாம்பலாகத் தெரிந்தன. மூன்றை எடுத்து வைத்துவிட்டேன்.

உள்ளே பஞ்சு வைப்பது நமக்குத் தேவையில்லாதது. கர்நாடகத்துக் கவுதி போலப் பழைய பருத்திச் சேலையை அடியில் கொடுத்து ஓட்டுத் தையல் போட்டால் போதும்.

கண்டாங்கியை வெட்டலாமா என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது; கட்டமும் அகலக் கரையும் கொண்ட நல்ல சேலையைத் துண்டு போடுவது, எந்தக் கலைக்காக என்றாலும், இழப்புதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்து, மடிப்போரம் எல்லாம் நூலிற்றுப்போன சேலையை இனி யாரும் உடுத்த முடியாது. அப்பத்தாவின் கண்டாங்கிகளில் அப்படி ஒன்று இருந்தது. அரக்கில் கறுப்புக் கட்டம். மடிப்புகளுக்கு நடுவே மட்டும் துணி இன்னும் கெட்டியாக இருக்கிறது. அந்த இடங்களைச் சாக்கட்டியால் குறித்து வைத்திருக்கிறேன். மூட்டையில் இல்லாத கறுப்பு அதில்தான் இருக்கிறது. நாற்பதுக்கு மேல் போகும் நாளுக்கு அதுதான். பங்குனி பாதி ஆகிவிட்டது. கத்தரிக்கோல் இன்னும் அதில் படவில்லை.