வாடகை வீட்டுக்காரருக்கு அரசு என்ன தருகிறது?

“வாடகைக்கு எல்லாம் கவர்மென்டு காசு தருமா? அதெல்லாம் வெளிநாட்டுல.” செட்டியார்பட்டியில் யாரிடம் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும். நானும் இந்தத் தலைப்பில் குறிப்புகள் எடுக்கத் தொடங்கியபோது, நம் ஊரில் இப்படி ஒன்று இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். விதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. இந்திய அரசு வாடகைக்கு உதவி தருகிறது, பல பத்தாண்டுகளாகத் தருகிறது. யாருக்குத் தருகிறது என்பதில்தான் சிக்கல்.

முதலில் அரசு ஊழியரை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. ஊர்களை மக்கள்தொகைப்படி எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் எக்ஸ், 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை ஒய், மற்றதெல்லாம் இசட். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இசட்தான். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு 2017 ஜூலையில் 24, 16, 8 சதவீதம் என்று தொடங்கிய படி, அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 2024 ஜனவரியிலிருந்து 30, 20, 10 ஆனது. அடிப்படைச் சம்பளம் 18,000 வாங்கும் கடைநிலை ஊழியருக்குக்கூட இசட் ஊரில் மாதம் 1,800 ரூபாய் கிடைக்கும். விலைவாசி ஏறினால் படியும் ஏறும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது வருமான வரி. கம்பெனிச் சம்பளக்காரர் வாடகை ரசீது கொடுத்தால் வாடகைப்படியில் ஒரு பகுதிக்கு வரி கிடையாது. வாடகைப்படியே இல்லாதவருக்கு 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜிஜி என்று ஒரு பிரிவு இருந்தது; அதில் உச்சவரம்பு மாதம் 5,000 ரூபாய். இரண்டுமே வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்குத்தான் பயன்படும். வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் ஒரு பைசா மிச்சமில்லை.

இந்தச் சலுகையும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கிறது. 2020 பட்ஜெட்டில் வந்த புதிய வரிமுறையில் வாடகைப்படி விலக்கு இல்லை, 80ஜிஜியும் இல்லை. 2023-24 முதல், நாமாகப் பழையதைக் கேட்காவிட்டால் புதியதுதான் பொருந்தும். “வரி விகிதத்தைக் குறைத்துவிட்டோமே” என்பது அரசின் பதில். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே புதிய முறையில், வீட்டை வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பவருக்கு 30 சதவீத நிலைக்கழிவு அப்படியே தொடர்கிறது. வாடகை வாங்குபவரின் சலுகை நின்றது, வாடகை கொடுப்பவரின் சலுகை போனது. இதை யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். தளவாய்புரம், செட்டியார்பட்டி வட்டாரம் நைட்டிக்குப் பேர் போனது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள், ஓவர்லாக் அடிக்கிறவர்கள், பட்டன் கட்டுகிறவர்கள் என்று வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இவர்களில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர் உதவி கேட்டுப் போனால் என்ன ஆகும்? சம்பளச் சீட்டு இல்லை, அதனால் வாடகைப்படி இல்லை. வரி கட்டுவதில்லை, அதனால் விலக்கும் இல்லை. மிச்சம் இருப்பது வீட்டுத் திட்டங்கள்.

மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது. ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்கு, அதுவும் சொந்த இடத்தில் குடிசை போட்டிருப்பவருக்கு. செட்டியார்பட்டி பேரூராட்சி. ஆகவே அது நகர்ப்புறக் கணக்கில், பிரதமர் வீட்டுவசதித் திட்டத்துக்குள் வருகிறது. அங்கே தானே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவுக்குப் பட்டா வேண்டும், வட்டி மானியத்துக்கு வங்கிக் கடன் வேண்டும். நிலம் உள்ளவருக்கு வீடு, கடன் கிடைப்பவருக்கு மானியம். வாடகைக்கு இருப்பவரிடம் இரண்டும் இல்லை. அதனால்தானே வாடகைக்கு இருக்கிறார்!

வாடகை வீடுகளுக்கென்றே திட்டம் இல்லாமலும் இல்லை. ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியதை நாடே பார்த்த பிறகு, 2020 ஜூலையில் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் வந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் இவை கட்டடத்துக்குத் தரும் பணம். பெரிய தொழிற்பேட்டை இருக்கும் இடத்தில் இது வேலை செய்யும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் சிப்காட் திறந்தது நல்ல உதாரணம். பத்து மெஷின் போட்ட தையல் கூடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் யார் வந்து குடியிருப்புக் கட்டுவார்கள்? இங்கே வீடு ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்படுவது மாத வாடகைக்கு ஒரு கைத்தாங்கல்.

அப்படி நேராக வாடகைக்குப் பணம் தரும் நாடுகளும் உண்டு. லண்டனில் இருக்கும் நம்மவர் பலருக்கு உள்ளூர் வீட்டுப்படி பழக்கமான பெயர். 2008 ஏப்ரலில் அது பிரிட்டன் முழுக்க வந்தபோது, அந்தந்தப் பகுதி வாடகைகளின் நடு அளவுதான் வரம்பு. 2011ல் அதை முப்பதாவது இடத்துக்கு இறக்கினார்கள். அதாவது 100 வீடுகளை வாடகை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினால் முப்பதாவது வீட்டின் வாடகை. 2016 முதல் நான்கு வருடம் தொகையை உறைய வைத்தார்கள். 2020ல் சரிசெய்தார்கள், மறுபடி 2024 வரை உறைய வைத்தார்கள். வாடகை ஏறிக்கொண்டே போக, உதவி நின்ற இடத்திலேயே நின்றது. அங்கே உரிமை இருக்கிறது, அதைத் தேய்க்கிறார்கள். இங்கே தேய்ப்பதற்குக்கூட ஒன்றுமில்லை.

“உதவி கொடுத்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார்” என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. வீடு தட்டுப்பாடான இடத்தில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அரசு ஊழியரின் படி 8லிருந்து 10 சதவீதம் ஆனபோது இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா? தையல்காரம்மா விஷயத்தில் மட்டும் ஏன் பொருளாதாரப் பாடம் ஞாபகத்துக்கு வருகிறது?

உண்மையான தடை வேறு. யார் வாடகைக்கு இருக்கிறார் என்பதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. 1960 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2019 பிப்ரவரி 22ல் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. நோக்கம் சரி. ஆனால் நியாய வாடகையை அதிகாரி நிர்ணயிப்பது போய், இருவரும் பேசிக்கொண்டதே வாடகை என்றானது. அதைவிட மோசம், ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காலி செய்ய ஒரு காரணமாகச் சட்டம் ஏற்கிறது. பதிவு செய்தால் வாடகைக்காரருக்குக் கையில் ஏதாவது கிடைக்க வேண்டும். இப்போது பதிவு செய்யாவிட்டால் இருப்பதும் போகும் என்ற பயம் மட்டும்தான் கிடைக்கிறது.

என் யோசனை சின்னதுதான். தையல் தொழிலாளர் நல வாரியம் ஏற்கெனவே இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது, ஆகவே பணம் போய்ச்சேரும் வழியும் இருக்கிறது. வாரியத்தில் பதிந்து, வாடகை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தவருக்கு, இசட் ஊர் கடைநிலை ஊழியருக்குக் கொடுக்கும் அந்த 1,800ல் பாதியையாவது கொடுத்துப் பார்க்கட்டும். ஒப்பந்தங்கள் தானாகப் பதிவாகும். வாடகை ஏறுகிறதா என்பதும் அந்தப் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும்.

வாடகைக்கு உதவுவது அரசின் வேலையா என்ற கேள்விக்கு அரசே எப்போதோ ஆமாம் என்று சொல்லிவிட்டது. அந்த ஆமாம் சம்பளச் சீட்டு இருப்பவரோடு நின்றுபோனதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தால், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.