காணி உறுதியும் கிராமத்து மேடையும்

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் இரண்டு படைப்புகள் 1977ஆம் ஆண்டில் மக்கள் முன் வந்தன. ஒன்று, 'பெட்டல்ஸ் ஒஃப் பிளட்' என்ற ஆங்கில நாவல். அதனை வெளியிட்டு வைத்தவர் அன்றைய நிதியமைச்சர் ம்வாய் கிபாகி. மற்றையது, கூகி வா மிரீயுடன் இணைந்து கிக்குயு மொழியில் எழுதிய 'ங்காஹிக்கா ந்தேண்டா' நாடகம். 'நான் விரும்பும்போது மணம் முடிப்பேன்' என்பது அதன் பொருள். ஒக்டோபர் 2ஆம் திகதி மேடையேறிய அந்நாடகம் நவம்பர் 16ஆம் திகதி தடை செய்யப்பட்டது. அவ்வருடம் முடிவதற்குள் கூகி கைதானார். விசாரணை எதுவுமின்றி ஏறத்தாழ ஒரு வருட காலம் கமித்தி சிறையில் அடைக்கப்பட்டார்.

இரண்டு படைப்புகளும் பேசிய விடயம் ஏறக்குறைய ஒன்றுதான். 1963இல் சுதந்திரம் கிடைத்தது; ஆனால் காணிக்காகப் போராடியவனுக்குக் காணி கிடைக்கவில்லை. வெள்ளையர் விட்டுச்சென்ற ஆசனத்தில் உள்ளூர்ச் செல்வந்தர் அமர்ந்துகொண்டனர். அப்படியாயின் நாவலுக்கு விழாவும் நாடகத்துக்குச் சிறையும் ஏன்?

நாடகத்தின் கதை மிக எளியது. கிகூண்டா ஒரு பண்ணைத் தொழிலாளி. ஒன்றரை ஏக்கர் காணியும் அதன் உறுதியுமே அவனது முழுச் சொத்து. அவனது முதலாளி அஹாப் கியோயி தேவாலயப் பக்தன், பெரும் பணக்காரன். வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு சேர்ந்து பூச்சிநாசினித் தொழிற்சாலை அமைக்க அவனுக்கு அந்தக் காணி வேண்டியிருக்கிறது. கியோயியின் மகன் தங்கள் மகளை மணப்பான் என்று கிகூண்டாவும் மனைவி வங்கேசியும் நம்புகின்றனர். அதற்காகத் தாங்கள் முதலில் தேவாலயத்தில் முறைப்படி மணம் முடிக்க வேண்டும் என எண்ணி, உறுதியை வங்கியில் ஈடுவைத்துக் கடன் பெறுகின்றனர். மகள் கர்ப்பிணியாகிக் கைவிடப்படுகிறாள். காணி ஏலத்துக்குப் போகிறது. அதை வாங்குபவன் கியோயிதான். ஒரு கடதாசித் துண்டின் கதைக்குள் ஒரு நாட்டின் பதினான்கு வருட அரசியல் அடங்கிவிடுகிறது.

எனினும் தடைக்கான காரணத்தைக் கதையில் மாத்திரம் தேடினால் நாம் ஏமாந்துபோவோம். நாடகம் உருவான விதத்தில்தான் அது இருக்கிறது. லிமுருவிலுள்ள கமிரீது, 1950களில் மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்குவதற்காகப் பிரித்தானியர் மக்களைப் பலவந்தமாகக் குடியேற்றிய கிராமம். அங்கே முதியோர் எழுத்தறிவு வகுப்பின் தொடர்ச்சியாகவே நாடக முயற்சி பிறந்தது. தொழிலாளரும் விவசாயிகளுமே நடிகர்கள். கிமானி கெச்சாவு நெறிப்படுத்தினார். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கைக் கிராமத்தாரே கட்டினர். ஒத்திகைகள் எல்லோர் கண்முன்னும் நடந்தன. வயதானவர்கள் பேச்சைத் திருத்தினர். பழைய பாடல்களையும் ஆடல்களையும் சொல்லிக் கொடுத்தனர். அன்று காட்டில் போராளிகளுக்கு உண்மைத் துப்பாக்கி செய்து கொடுத்தவரே நாடகத்துக்கான போலித் துப்பாக்கிகளையும் செய்தார் என்று கூகி பதிவு செய்திருக்கிறார். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே அலசக் கற்றுக்கொண்ட ஒரு கிராமம் அங்கே உருவாகிக் கொண்டிருந்தது. அமைச்சரால் விழா எடுக்க முடிந்த ஆங்கில நாவலுக்கு இல்லாத ஆபத்து இதுதான்.

இந்நாடகத்தைக் குறைகளற்றது என நான் சொல்லமாட்டேன். தொழிலாளி கிசாம்பாவின் நீண்ட பேச்சுக்கள் சில இடங்களில் பாத்திரத்தை விழுங்கிவிடுகின்றன. செல்வந்தர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றனர். தேவாலயம் சுரண்டலின் கருவியாக மட்டுமே வருகிறது. ஏழையின் விசுவாசத்துக்கு அங்கே இடமில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாட்டில் கிக்குயு நாடகம் எவ்வாறு தேசத்தின் நாடகமாகும் என்ற கேள்வியும் நியாயமானதே.

அக்கேள்விக்குக் கூகி தனது அடுத்த நாடகமான 'மைத்து ஞுகிரா'வில் பதில் தேடினார். பல இனக்குழுக்களின் பாடல்கள் அதில் இடம்பெற்றன. ஆனால் 1982இல் தேசிய அரங்கின் கதவு அதற்குத் திறக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நடந்த ஒத்திகைகளுக்கே மக்கள் திரண்டனர். அவ்வருட மார்ச் மாதம் அரச ஆட்கள் கமிரீது அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கினர். கூகி நாடு திரும்ப முடியாதவரானார். 2025 மே 28ஆம் திகதி அமெரிக்காவில் காலமானார்.

தமிழில் அவரை நாம் அறிந்தது பெரிதும் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' வழியாகவே. சிறையில் மலசலகூடக் கடதாசியில் எழுதப்பட்ட நாவல் என அதனைப் போற்றுகிறோம். அவரைச் சிறைக்கு அனுப்பிய நாடகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பாடசாலைக் கலைவிழாவுக்கு வருடாவருடம் நாடகம் பழக்குபவன் நான். எழுதி முடித்த பிரதியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வதே என் வழக்கம். வீட்டில் பேசும் பேச்சு மேடையில் வந்தால் திருத்தியும் இருக்கிறேன். கமிரீதுவில் திருத்தியவர்கள் கிராமத்தார். திருத்தப்பட்டது எழுத்தாளரின் பிரதி. இதை வாசித்த பிறகு, அடுத்த நாடகத்துக்குப் பிரதி எழுதுவதற்கு முன்னர் பிள்ளைகளின் வாப்பா, உம்மாவிடம் போய் அமர வேண்டும் என்று தோன்றுகிறது.